ஈயக்குட்டைக் குழு ஏன் கலைந்தது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், குடியிருக்கும் தம்பி ஒருவர் கடிதத்தில் கேட்ட கேள்வி இது. பழைய தோட்டம் போய் வீடுகள் வந்தபோது பின்புறம் ஈயம் தோண்டிய பள்ளத்தில் நீர் தேங்கிய ஓர் ஈயக்குட்டையும், அதிலிருந்து வழிந்தோடும் சிற்றாறும் மிஞ்சின. பதினைந்து பேர் சேர்ந்து குழு அமைத்தார்கள். மீன்குஞ்சு வாங்கி விட்டார்கள், ‘வலை போடக்கூடாது’ என்று பலகை நட்டார்கள், மாதம் ஒரு கோத்தோங் ரோயோங் (ஊர் சேர்ந்து செய்யும் துப்புரவு) நடத்தினார்கள். இரண்டே வருடம். யாரோ கரண்டு போட்டு மீனை அள்ளிப்போனார்கள், ஆளுக்கு ஆள் சந்தேகம், குழு கலைந்தது. தம்பி பல்கலைக்கழகத்தில், பொதுச்சொத்தை ஊரார் சேர்ந்து காப்பது பற்றி எலினோர் ஆஸ்ட்ரோம் என்ற ஆய்வாளர் எழுதிய எட்டு நெறிகளைப் படித்தவர். “எட்டையும் ஒட்டித்தான் செய்தோம், ஏன் நிற்கவில்லை? காட்டுக்கும் கடலுக்கும் ஆற்றுக்கும் ஒரே நெறி பொருந்துமா?” என்கிறார்.

நான் வடிகால் நீர்ப்பாசனத் துறையில் தொழில்நுட்ப வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பிறந்து வளர்ந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த எட்டைப் பற்றி. 1968ல் கேரட் ஹார்டின் என்ற உயிரியலாளர், மேய்ச்சல் நிலம் எல்லாருக்கும் பொது என்றால் ஆளாளுக்கு ஒரு மாட்டைக் கூடுதலாக ஓட்டிவிட்டு நிலத்தையே அழித்துவிடுவார்கள் என்று எழுதினார். உண்மையில் அவர் வருணித்தது கேட்பாரற்றுக் கிடக்கும் நிலத்தை. ‘நிர்வாகம் இல்லாத பொது நிலம்’ என்று தலைப்பு வைத்திருக்க வேண்டும் எனப் பிற்காலத்தில் அவரே ஒத்துக்கொண்டார். ஆஸ்ட்ரோம், நூற்றாண்டுக் கணக்கில் நின்ற ஊர் ஏற்பாடுகளையும் கவிழ்ந்துபோனவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து 1990ல் அந்த எட்டு நெறிகளை எழுதினார். 2009ல் பொருளியல் நோபல் பரிசு. அந்தத் துறையில் பரிசு வாங்கிய முதல் பெண் அவர்தான். ஆனால் தம்பி, அந்த எட்டும் சமையல் குறிப்பு இல்லை. தொண்ணூறு தாண்டிய பாட்டிமார்களை வரிசையாக உட்காரவைத்து, எல்லாரிடமும் பொதுவாக என்ன பழக்கம் இருக்கிறது என்று குறித்துக்கொண்டது மாதிரி. எல்லாப் பாட்டியும் விடியற்காலை எழுகிறவர் என்பதால் நாமும் நாலு மணிக்கு அலாரம் வைத்தால் தொண்ணூறு வந்துவிடுமா?

என் கணிப்பில் நீங்கள் தவறவிட்டது ஒன்று. உங்கள் விதியை ஒருவன் மீறினால், தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகிற இன்னொருவனின் கண்ணில் அது படாது. ‘வலை போடக்கூடாது’ என்றால் குட்டைக்கு இருபத்துநாலு மணி நேரமும் காவல் வேண்டும். வலை தண்ணீருக்கடியில் கிடக்கும். கரையில் நிற்பவன் கையில் தூண்டில்தான் தெரியும். நீண்ட காலம் நின்ற ஏற்பாடுகளில் பாதிக் காவலை விதியே செய்துவிடும். அந்த விதி எப்படி இருக்கும் என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. ஏன் மாறுகிறது என்பதில்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை இருக்கிறது.

சுவிட்சர்லாந்து மலையில் டோர்பெல் என்று ஒரு கிராமம். மேலே இருக்கும் மேய்ச்சல் நிலம் ஊருக்குப் பொது. 1517ல் எழுதிவைத்த விதி: பனிக்காலத்தில் எத்தனை மாட்டுக்கு உன்னால் தீவனம் போட முடியுமோ, அத்தனை மாட்டைத்தான் கோடையில் மேலே ஓட்டலாம். மலை எத்தனை மாடு தாங்கும் என்று யாரும் மண்டையைப் பிய்த்துக்கொள்ளவில்லை. பனியில் உன் கொட்டகையில் எத்தனை மாடு நின்றது என்பது பக்கத்து வீட்டுக்குத் தெரியும், அது போதும். வெளியே மாடு வாங்கி வந்து கோடைக்கு மட்டும் பொது நிலத்தில் கொழுக்கவைத்து விற்கிற வியாபாரமும் அதோடு அடிபட்டது. மீறியவனிடம் அபராதம் வாங்குகிற ஊர் அலுவலருக்கு அந்தத் தொகையில் பாதி சொந்தம். தூங்குவாரா அவர்?

சிரிக்காதீர்கள், இதே மூளை எங்கள் தோட்டத்திலும் இருந்தது. லயத்தில் ஐம்பது அறுபது மாடுகள். எல்லாம் ரப்பர்க் காட்டுக்குள்தான் மேயும். மாடு மரத்தில் உரசினால் ரப்பர்ப்பால் வடியும் மங்கு கவிழும், பால் மண்ணுக்குப் போகும், கணக்குப் பார்க்கும் கிராணி கத்துவார், விஷயம் தோட்ட நிர்வாகி துரை காதுக்குப் போனால் மாடே தோட்டத்தில் இருக்கக்கூடாது என்றாகிவிடும். அதனால் லயத்துக்காரர்களே ஓர் ஒழுங்கு வைத்திருந்தார்கள். எங்கள் தோட்டத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு, அதாவது பால் எடுக்க மரப்பட்டையைச் சீவுவது. இன்றைக்கு வெட்டு இல்லாத நிரையில்தான் மாடு இறங்கலாம். வெட்டு நடக்கும் நிரைக்குள் போக வேண்டுமென்றால் பாலெல்லாம் எடுத்து ஸ்டோருக்குப் போன பிறகு. தவறான நிரையில் மாடு நின்றால் முதலில் பார்ப்பவர் அந்த நிரையில் மரம் வெட்டுகிறவர். நட்டமும் அவருக்குத்தான். தனியாகக் காவல் போட வேண்டிய தேவையே வரவில்லை. மேய்க்கும் தாத்தாவுக்கு மாட்டுக்கு இவ்வளவு என்று மாதக்கூலி, தீபாவளிக்கு வேட்டி.

பிறகு ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். இளங்கன்றின் குருத்தை மாடு கடித்துவிடும் என்று நிர்வாகம் தடை போட்டது. தடையால்தான் அந்த ஒழுங்கு செத்தது என்று ரொம்ப நாள் நானும் நினைத்திருந்தேன். பிறகுதான் உறைத்தது: செம்பனையில் குலை வெட்ட ஒரு இடத்துக்குப் பத்துப் பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் ஆள் வருவார். தினமும் நிரையில் நின்ற கண் போய்விட்டது. நிலம் அதேதான், மாடும் அதேதான், பார்க்க ஆள் இல்லை.

கடலுக்கு வாருங்கள். புல்லைப் பார்த்தால் தேய்ந்திருக்கிறதா என்று தெரியும். தண்ணீருக்குள் எத்தனை மீன் இருக்கிறது என்று எவனுக்கும் தெரியாது. அதனால் ‘எவ்வளவு பிடிக்கலாம்’ என்று மீனவர் ஊர்கள் பெரும்பாலும் விதி போடுவதில்லை. எங்கே, எந்த நாள், யார் என்றுதான் போடுகின்றன. தமிழ்நாட்டில் பழவேற்காடு ஏரியில் பட்டினவர் சமூகத்து மீனவர்கள் வைத்திருக்கும் பாடு முறை இதற்கு நல்ல சாட்சி. இறால் நன்றாக விழும் இடங்களுக்குப் பாடு என்று பெயர். தலைக்கட்டாகப் பெயர் பதிந்தவர்கள் சீட்டுக் குலுக்கி, முறை வைத்து, ஆளுக்கு ஒரு நாளாகச் சுற்றிவருவார்கள். துருக்கியில் அலன்யா மீனவர்களும் செப்டம்பரில் குலுக்கல் போட்டதை ஆஸ்ட்ரோம் எழுதியிருக்கிறார். முதல் சில மாதம் தினமும் ஒரு இடம் கிழக்கே நகர வேண்டும், ஜனவரிக்குப் பின் மேற்கே. மீன் நகரும் போக்கை ஒட்டி நல்ல இடம் எல்லாருக்கும் ஒருமுறை கிடைத்துவிடும். இன்றைக்கு நல்ல இடம் யாருக்கு விழுந்ததோ அவர் விடியுமுன்னே அங்கே நிற்பார். திருட வந்தவன் அவர் கண்ணில்தான் விழுவான்.

நமக்கு எதிர்க்கரையில் இருக்கும் அச்சேயில் கடல் தலைவருக்குப் பங்லிமா லாவோட் என்று பெயர். சுல்தான் காலத்திலிருந்து வரும் பதவி. வெள்ளிக்கிழமை மீன்பிடிக்கக் கடலில் இறங்கக்கூடாது, ஆழிப்பேரலை நினைவாக டிசம்பர் 26லும் கூடாது. தொழுகையை ஒட்டி வந்த தடைதான். ஆனால் வெள்ளிக்கிழமை கடலில் ஒரு படகு தெரிந்தாலே மீறல், கரையில் நிற்கும் சின்னப் பையன்கூடக் கண்டுபிடித்துவிடுவான். அளவு போட்டிருந்தால் ஒவ்வொரு கூடையையும் நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

தண்ணீர் விஷயம் வேறு. அது ஓடுகிறது. மேட்டுக்காரன் கை எப்போதும் ஓங்கியிருக்கும். பள்ளத்துக்காரன் கெஞ்ச வேண்டும். நான் வேலை பார்த்த காலம் முழுவதும் பார்த்தது இதைத்தான். மடையைத் திறந்துவிட்டு வந்தால், நாங்கள் வண்டியில் ஏறுமுன் மேலே ஒருவர் பலகையைச் சொருகியிருப்பார். இதற்குப் பாலித்தீவில் கண்ட விடையைப் போல் அழகானது வேறெங்கும் நான் படித்ததில்லை. அங்கே பாசனச் சங்கத்துக்குச் சுபாக் என்று பெயர். எந்த வயல் எப்போது நடவு, எப்போது தரிசு என்பதை நீர்க்கோயில்களில் கூடி முடிவு செய்வார்கள். மேட்டுக்காரன் ஏன் பள்ளத்துக்காரனுக்குத் தண்ணீர் விடுகிறான்? பக்தி மட்டும் காரணமில்லை என்கிறார் அதை ஆராய்ந்த மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங். பள்ளத்து வயலும் மேட்டு வயலும் ஒரே நேரத்தில் அறுத்துத் தரிசு கிடந்தால், புகையான் பூச்சிக்கும் எலிக்கும் தங்க இடமில்லாமல் போகும். கீழே தண்ணீர் கிடைக்காமல் அவன் வேறு பருவத்தில் நட்டால் பூச்சி அங்கே தங்கி வளர்ந்து மேலே வரும். மேட்டுக்காரன் கையில் தண்ணீர், பள்ளத்துக்காரன் கையில் பூச்சி. ஒருவன் குடுமி ஒருவன் கையில். 1970களில் பசுமைப் புரட்சி என்று சொல்லி, கோயில் அட்டவணையை விட்டுவிட்டு முடிந்தபோதெல்லாம் நடச் சொன்னார்கள். பூச்சி பிய்த்துத் தின்றது. பிறகு பழைய முறைக்குத் திரும்பினார்கள். 2012ல் யுனெஸ்கோ அந்த நிலப்பரப்பை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

ஸ்பெயினில் வலென்சியா நகரத் தேவாலய வாசலில் ஒவ்வொரு வியாழக்கிழமை நண்பகலிலும் கால்வாய்ப் பிரதிநிதிகள் உட்கார்ந்து தண்ணீர் வழக்கைக் கேட்பார்கள். வக்கீல் கிடையாது, வாய்மொழி விசாரணை, அங்கேயே தீர்ப்பு. தண்ணீர் திருட்டுக்கு ஆறு மாதம் கழித்துத் தீர்ப்பு சொன்னால் பயிர் பிழைக்குமா?

நிலத்தடி நீர்தான் எல்லாவற்றிலும் சிக்கல். கண்ணுக்கே தெரியாது. லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்து நீர்ப்படுகைகளில் ஊராட்சிகளும் நிறுவனங்களும் ஒன்றையொன்று கோர்ட்டுக்கு இழுத்து, 1940களில் தொடங்கிப் படிப்படியாக ஒப்பந்தத்துக்கு வந்தன. யார் எவ்வளவு இறைத்தார் என்று அளந்து எல்லார் பார்வைக்கும் வருடா வருடம் வெளியிட ஓர் அலுவலரை வைத்தார்கள். ஆஸ்ட்ரோம் தன் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தது இந்தப் பகுதியைத்தான். தானாகத் தெரியாத பொருளுக்குக் கண்ணைச் செலவு செய்து உண்டாக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

காட்டைப் பற்றி நிறையச் சொல்லப்போவதில்லை. மரம் நடந்து போகாது என்பதே பாதி வேலையை மிச்சப்படுத்துகிறது. நேபாளத்தில் 1957ல் காடுகளை அரசுடைமை ஆக்கினார்கள், ‘நம் காடு’ ‘சர்க்கார் காடு’ ஆனது, ஊர்க்காரர்களுக்கு அக்கறை விட்டுப்போனது. 1993 சட்டத்துக்குப் பின் பெருமளவில் ஊர்க்குழுக்களிடம் திருப்பிக் கொடுத்தார்கள். புல் அறுக்க இன்ன நாள், விறகு பொறுக்க இன்ன நாள் என்று காட்டைத் திறந்து மூடுவார்கள். சில ஊர்களில் காவல் முறைக்கு ஒரு தடி உண்டு. இன்று காவல் இருந்த வீட்டார் மாலையில் அந்தத் தடியை அடுத்த வீட்டு வாசலில் சாத்திவிட்டுப் போவார்கள். நாளைக்கு அவர்கள் முறை. வாட்ஸ்அப் செய்தியைப் பார்க்கவில்லை என்று சொல்லலாம். வாசலில் கிடக்கும் தடியைப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது.

உங்கள் குட்டைக்கும் சிற்றாற்றுக்கும் மிக நெருங்கியது நம் நாட்டிலேயே இருக்கிறது. சபாவில் கடசான்டுசுன் பழங்குடி மக்களின் தாகால் என்ற முறை. அந்தச் சொல்லுக்கே தடை என்றுதான் பொருள். ஆற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து, சிவப்புப் பகுதியில் எப்போதும் மீன்பிடிக்கக்கூடாது, மஞ்சளில் ஊர் கூடித் திறக்கும் நாளில் மட்டும், பச்சையில் பிடிக்கலாம் என்று வைக்கிறார்கள். திறந்த நாளில் விழும் மீனை வீட்டுக்கு இவ்வளவு என்று பங்கு பிரிப்பார்கள். மீறினால் சோகிட் என்னும் வழமை அபராதம். அந்தக் காலத்தில் கால்நடைகளைக் கொடுத்துக் கட்டுவதுண்டு. 2003ல் சபா மாநில உள்நாட்டு மீன்வளச் சட்டத்தில் இதற்கு இடம் கொடுத்தார்கள். ஊர் விதிக்கு அரசின் முத்திரை கிடைத்த பிறகுதான் வெளியூர்க்காரனை ‘நிறுத்து’ என்று சொல்லும் துணிவு வந்தது. ரானாவ் பக்கம் சுங்கை மொரோலியில் மீன்கள் பயணிகள் காலைச் சுற்றி மொய்க்கும். தாகால் பாதுகாத்த ஆறு அது.

நம் முன்னோர் கதையும் சொல்லாமல் விட்டால் நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டு, சோழன் முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 919, 921. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம். ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுத்தார்கள். ஒரு வருடப் பதவி, மூன்று வருடத்துக்கு மறுபடி நிற்க முடியாது. கணக்குக் காட்டாமல் போனவனும் அவன் உறவுக்காரர்களும் அடுத்துப் பெயர் போடவே முடியாது. இதை மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். மேடையில் சொல்லாதது: சொந்த மனையில் வீடும் வரி கட்டும் நிலமும் வேதப் படிப்பும் இருந்தவர்களுக்குத்தான் அந்தக் குடத்தில் ஓலை. ஏரிக்குக் கீழே சேற்றில் நின்று மடை திறந்தவனுக்கு இல்லை. பழவேற்காட்டிலும் பாடு முறைக்குள் இடம் கிடைக்காத மற்றச் சமூகத்து மீனவர்கள் பல வருடமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வட்டம் போட்டால்தான் பொதுச்சொத்து நிற்கும், ஆனால் வட்டத்துக்கு வெளியே யாரை நிறுத்துகிறோம் என்பதைப் பார்க்காமல் போட்டால் வெளியே நிற்பவனே உடைப்பான்.

உங்கள் கடிதத்தில் இரண்டு வரி என் கண்ணில் பட்டது. ‘பங்களாதேஷ், இந்தோனேசியத் தொழிலாளர்கள்தான் மீனைக் காலி செய்கிறார்கள்’ என்று நடுவில் எழுதியிருக்கிறீர்கள். கடைசியில், கரண்டு போட்டது நம் தாமான் பையன்தான் என்று பிறகு தெரிந்தது என்கிறீர்கள். குட்டைக்கு மிக அருகில் குடியிருப்பவர்கள் அந்தத் தொழிலாளர்கள். மாலையில் கரையில் உட்கார்ந்திருப்பவர்களும் அவர்கள்தான். உங்கள் பதினைந்து பேர் குழுவில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. எழுபது வருடத்துக்கு முன் அந்தக் கரையில் யார் அப்படி உட்கார்ந்திருந்தார்கள் என்று உங்கள் தாத்தாவைக் கேட்டுப்பாருங்கள்.

இன்னொன்று. கூட்டு உடைமையும் கூட்டு நிர்வாகமும் ஒன்றில்லை. அந்நாள் அமைச்சர் துன் சம்பந்தனின் ஊர்க்காரர்களான உங்களுக்கு இது தெரிந்திருக்கும். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட நேரத்தில் 1960ல் அவர் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களை மாதம் பத்து வெள்ளி கட்டவைத்துத் தோட்டங்களை வாங்கினார். எத்தனையோ குடும்பங்கள் தெருவுக்கு வராமல் காத்தது அது. ஆனால் பங்குதாரராக இருப்பது வேறு, அந்த மண்ணைத் தினமும் பார்த்து விதி போடுவது வேறு. கோத்தோங் ரோயோங்கும் அப்படியே: ஒருநாள் சேர்ந்து குப்பை அள்ளலாம், படம் எடுக்கலாம், மறுநாள் குட்டை யார் பொறுப்பு என்பதை அது சொல்லாது.

சரி, உங்கள் குட்டை. மலேசியாவில் நிலமும் காடும் ஆறும் மாநில அரசின் அதிகாரம். முதலில் நில அலுவலகத்தில் அந்தக் குட்டை யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். மாநில நிலமா, வீடு கட்டிய நிறுவனத்தின் நிலமா, வெள்ள நீர் தேக்க ஊராட்சி மன்றம் எடுத்துக்கொண்டதா? அந்த அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் இல்லாமல் பலகை நடுவது வீண். ருக்குன் தெத்தாங்கா (அக்கம்பக்கத்தார் அமைப்பு) இருந்தால் அதன் கீழே துணைக்குழுவாக நில்லுங்கள், புதுச் சங்கம் பதியும் அலைச்சல் மிச்சம். அபராதம் வாங்கும் உரிமை உங்களுக்குச் சட்டப்படி கிடையாது, அதை மறந்துவிடுங்கள். தூண்டில் போடும் வாய்ப்பை இழப்பதுதான் தண்டனையாக இருக்க முடியும். முதல் தடவை ஒரு வாரம், அடுத்து ஒரு மாதம். கரண்டு போட்டால் பேச்சே கிடையாது, அது 1985 மீன்வளச் சட்டப்படியே குற்றம், நேரே புகார்.

விதி இரண்டு போதும். குட்டையில் கோயில் பக்கத்துக் கரை முழுவதும் மூடல். எதிர்க்கரையில் தூண்டில் மட்டும், அதுவும் மாலை ஐந்திலிருந்து இருட்டும்வரை. கரண்டு போடுகிறவன் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு இரவில்தான் வருவான். இருட்டிய பின் குட்டைப் பக்கம் வெளிச்சம் தெரிந்தாலே மீறல் என்று ஆகிவிட்டால், துணி காயப்போட மாடியில் ஏறும் பெண்மணியும் காவல்தான். வளைவில் ஒட்டுக்கடை (சின்னச் சாலையோரக் கடை) போட்டிருக்கும் அக்காவிடம் தூண்டில் சீட்டு விற்பனையைக் கொடுங்கள். சீட்டுக்கு ஒரு வெள்ளி என்றால் ஐம்பது காசு அவருக்கு. டோர்பெல்காரன் சொல்லிக்கொடுத்தது. தொழிலாளர் விடுதியிலிருந்து இரண்டு பேர் குழுவில் இருக்கட்டும். பழைய ஈயக்குட்டை மண்ணில் ஆர்செனிக், காரீயம் போன்றவை தங்கியிருக்கலாம், ஆகவே மீனைப் பங்கு பிரித்துச் சாப்பிடும் முன் தண்ணீரையும் மீனையும் சோதனைக்குக் கொடுங்கள். சரியில்லை என்று வந்தால் பிடித்து விடும் விளையாட்டாக வைத்துக்கொள்ளுங்கள், பங்குப் பேச்சு வேண்டாம்.

இதையெல்லாம் கூட்டம் போட்டுப் பேசுமுன் ஒரு வேலை. ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி ஒட்டுக்கடையில் வைத்து, ஒரு மாதம், மாலை ஐந்து முதல் ஏழுவரை யார் எந்தக் கரையில் உட்கார்ந்தார், என்ன பிடித்தார் என்று மட்டும் எழுதிவாருங்கள். யாரையும் எதுவும் கேட்க வேண்டாம், தடுக்கவும் வேண்டாம். மாதம் முடிந்ததும் நோட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள், குழுவில் யார் இருக்க வேண்டும் என்று அதைப் பார்த்துப் பேசுவோம்.